ஃபிரிட்ஜில் பேய், பார்கோடில் சாத்தான்: வீட்டுக் கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயரிங், ஃபிரிட்ஜ், மோட்டார் பழுது பார்ப்பது என் தொழில். வேலை முடிந்து கருவிப் பையைக் கட்டும் நேரத்தில் பல வீடுகளில் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி வரும்: "அண்ணா, வாட்ஸ்அப்பில் இப்படி வந்திருக்கிறதே, உண்மையா?" அந்தக் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை நான் எடுத்துக்கொள்ளவில்லை. தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் வரிசையில் நிற்கிற ஆள்தான் நானும்.

அரைத்த மாவையும் பிசைந்த மாவையும் ஃபிரிட்ஜில் வைத்தால் அது பிண்டமாகி, ஆவிகள் தேடி வருமாமே?

இது முதலில் சப்பாத்தி மாவைப் பற்றி இந்தியில் சுற்றிய செய்தி. தமிழுக்கு வந்தபோது இட்லி மாவும் சேர்ந்துகொண்டது. உருட்டி வைத்த மாவு பிண்டத்துக்குச் சமம், இரவெல்லாம் அதை வைத்திருந்தால் இறந்தவர்களின் ஆவி உண்ண வரும், அந்த வீட்டில் நோயும் சண்டையும் தீராது என்கிறது செய்தி. ஃபிரிட்ஜ் வாங்குவதற்கு முன்பு நம் வீடுகளில் சண்டையே இல்லை போலிருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு ஒகேனக்கல்லிலோ, தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தத்திலோ திதி கொடுத்தவர்களைக் கேளுங்கள். எள் சேர்த்து, சங்கற்பம் செய்து, முன்னோர் பெயரைச் சொல்லி, தர்ப்பையின் மேல் வைத்துப் படைத்தால்தான் அது பிண்டம். உருண்டையாக இருப்பதால் மட்டும் எதுவும் பிண்டமாகிவிடாது. அப்படி ஆகும் என்றால் நம் இரண்டு மாவட்டங்களும் என்றோ பேய்க்காடாகியிருக்க வேண்டும். ராகிக் களியை உருண்டை பிடித்து, மிஞ்சியதை இரவில் சட்டித் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்து வளர்ந்த ஊர் இது. அந்தச் சட்டிக்குப் பயந்த பாட்டி ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

மாவு புளிப்பது நுண்ணுயிர்களின் வேலை. 4 டிகிரிக் குளிரில் அவை மந்தமாகிவிடும், அதனால் மாவு சில நாள் தாங்குகிறது. பயப்பட வேண்டிய இடம் வேறு: சமைத்த சோற்றை வெயில் காலத்தில் மணிக்கணக்காக வெளியே விட்டுவிட்டு, பிறகு சூடாக்கிச் சாப்பிடுவது. சோற்றில் வளரும் ஒருவகை பாக்டீரியா விடும் நஞ்சு, சூடாக்கினாலும் போகாது.

இன்னொன்று. ஆயுத பூஜையன்று ஃபிரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகிறோம். அந்தப் பொட்டு அழிவதற்குள் அதே ஃபிரிட்ஜ் பேய் வீடாகிவிடும் என்று நம்புவதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ.

ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் சுரீர் என்கிறது. "வீட்டில் ஏதோ இருக்கிறது" என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

ஆமாம், இருக்கிறது. மின்கசிவு இருக்கிறது. இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

ஃபிரிட்ஜின் கம்ப்ரசரிலோ வயரிலோ காப்பு தேய்ந்தால், மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளித் தகட்டுக்குக் கசியும். அதை இழுத்து மண்ணுக்குக் கொண்டுபோகத்தான் எர்த் கம்பி. நம் பக்கம் பல வீடுகளில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. மூன்று முனை பிளக்கின் பெரிய முனையை உடைத்து இரண்டு முனை சாக்கெட்டில் சொருகுவார்கள், அல்லது எர்த் இல்லாத மலிவு அடாப்டரில் மாட்டுவார்கள். வீட்டுக்கு எர்த் குழியே தோண்டாமல் வயரிங் முடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. குழி இருந்தாலும் இங்கே பாறை மண். கரியும் உப்பும் போட்ட குழி சித்திரை வெயிலில் காய்ந்து போனால் அதன் தடை ஏறிவிடும், கசிவை இழுக்காது. அப்போது தரைக்குப் போக மின்சாரத்துக்குக் கிடைக்கும் வழி, கதவைத் தொடும் உங்கள் உடம்புதான்.

இன்று வெறும் சுரீர். கழுவிய தரையில் ஈரக் காலோடு நிற்கும் குழந்தை தொட்டால் அது சுரீரோடு நிற்காது.

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். வயர்மேனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அந்த அளவு கசிந்தாலே கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கோடையில் எர்த் குழிக்கு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஃபிரிட்ஜ் கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கட்டிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. எர்த் போட்ட பிறகு கட்டுங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு இரவில் மங்கலாக எரிகிறது. தீய சக்தியின் அறிகுறி என்று ஒரு செய்தி சொல்கிறது.

எல்இடிக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும். சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அதன் வழியாக ஓடும் துளி மின்சாரத்திலேயே பல்பு மினுக்கும். பழைய குண்டு பல்பு இதற்கெல்லாம் அசையாது, அதனால்தான் அந்தக் காலத்தில் இந்தப் பேய் இல்லை.

வேறொரு காரணமும் உண்டு, அது ஆபத்தானது. வயரிங் செய்தவர் சுவிட்சை மின்சாரம் வரும் பேஸ் கம்பியில் போடாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரலில் போட்டிருக்கலாம். அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பிப் பல்பு மாற்றக் கை வைத்தால் தூக்கி எறியும். டெஸ்டர் வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

தோட்டத்து மோட்டார் நள்ளிரவில் தானாக ஓடுகிறது. முனியப்பன் கோபம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்.

ஸ்டார்ட்டரில் "ஆட்டோ" சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். விவசாயத்துக்கான மும்முனை மின்சாரம் இரவில் வந்தவுடன் ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கிவிடும். அதற்காகத்தான் அதை வாங்கினோம். சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டராக இருந்தால், எந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பையும் ஏற்கும்படி அது விடப்பட்டிருக்கிறதா என்று சோதியுங்கள். கடன் அட்டை விற்பவர் தவறுதலாக அழைத்து மோட்டாரை ஓட விட்ட கதையெல்லாம் இப்படித்தான். முனியப்பனுக்குக் கோபம் இருந்தால் அது போர் வறண்ட பிறகும் மோட்டாரை ஓட விட்டுச் சுருளைக் கருக்குவதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

சிசிடிவியில் வெள்ளை உருண்டைகள் மிதக்கின்றன. அந்தக் காணொளி ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

தூசி, கொசு, சிலந்தி நூல். இரவில் கேமரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. லென்ஸுக்கு மிக அருகில் பறக்கும் எதுவும் அதில் பெரிய வெண்ணிற வட்டமாகத் தெரியும். துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பேசும் ஸ்பீக்கர் யாரும் கூப்பிடாமலே சிரித்ததாம். உண்மையா?

உண்மை. 2018 மார்ச்சில் அமெரிக்காவில் பலர் வீட்டில் அலெக்ஸா திடீரென்று சிரித்தது. வேறு பேச்சைச் சிரிக்கச் சொல்லும் கட்டளை என்று அது தவறாகக் கேட்டுவிட்டதாக அமேசான் விளக்கம் சொல்லி, அந்தக் கட்டளையையே மாற்றியது. இன்றைக்கும் தொலைக்காட்சித் தொடரில் யாரோ சொல்லும் ஒரு சொல்லுக்கு அது விழித்துக்கொள்ளும். பேயைவிட, வீட்டுப் பேச்சைக் கேட்டு ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பக்கூடிய ஒலிவாங்கி கூடத்தில் இருக்கிறது என்பதுதான் யோசிக்க வேண்டிய சங்கதி. மேலே ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தான் இருக்கிறது.

பார்கோடில் 666 ஒளிந்திருக்கிறது, அது மிருகத்தின் முத்திரை என்று ஜெபக் குழுவில் வந்தது. பயமாக இருக்கிறது.

பைபிளின் வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரம் சொல்வது இது: வலது கையிலோ நெற்றியிலோ முத்திரை பெறாத எவரும் வாங்கவும் விற்கவும் முடியாது, அந்த மிருகத்தின் எண் 666. வாங்குவது, விற்பது, எண் என்ற மூன்றும் வருவதால் கடைப் பொருளில் உள்ள கோடுகளோடு அதை முடிச்சுப் போடுவது சுலபம். 1980களிலேயே அமெரிக்காவில் இந்தப் பேச்சு புத்தகங்களில் வந்துவிட்டது. நம் கைக்கு இப்போது வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பார்கோடின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் இரண்டிரண்டு மெல்லிய கோடுகள் சற்று நீளமாக இருக்கும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கருவிக்குக் காட்டும் எல்லைக் கோடுகள் அவை. வலப்பாதியில் 6 என்ற எண்ணுக்கான கோடுகளும் பார்வைக்கு அதைப் போலவே மெல்லிய இரட்டைக் கோடுகள். மூன்று இடத்தில் இரட்டைக் கோடு, ஆகவே மூன்று ஆறு என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் கருவி அவற்றை எண்ணாகவே படிப்பதில்லை. இந்த முறையை வடிவமைத்த ஐபிஎம் பொறியாளர் ஜார்ஜ் லாரர், அந்த ஒற்றுமை தற்செயலானது என்று பலமுறை விளக்கியிருக்கிறார். 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் முதன்முதலாக ஒரு சூயிங்கம் பொட்டலம் ஸ்கேன் ஆனது. அரை நூற்றாண்டு ஆகிறது. உங்கள் வீட்டு பிஸ்கட் பொட்டலத்தில் எண் 890 என்று தொடங்கினால், அது இந்தியப் பதிவுக்கான முன்னெண்.

பைபிளை ஆராய்ந்தவர்கள் சொல்வதையும் சேர்த்துச் சொல்கிறேன். 666 என்பது கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை எபிரேய எழுத்துகளின் எண் மதிப்பால் குறித்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அந்த எண் 616 என்றே இருக்கிறது. ஆக, மளிகைக் கடைக் கோடுகளில் தேட வேண்டிய தேவை இல்லை. மிசோரமில் ஆதார் அட்டையையே சில கிறிஸ்தவர்கள் இதே பயத்தால் மறுத்தார்கள். ரேஷனும் உதவித்தொகையும் ஆதாரோடு இணைந்திருக்கிற நாட்டில் அந்தப் பயத்தின் செலவு ஏழை வீட்டின் தலையில்தான் விழும். சந்தேகம் தீரவில்லையென்றால், எங்கிருந்தோ வந்த காணொளியை விட்டுவிட்டு உங்கள் பங்குத் தந்தையிடமோ போதகரிடமோ கேளுங்கள்.

தொலைக்காட்சியும் கேமராவும் தஜ்ஜாலின் ஒற்றைக் கண் என்கிறார்கள்.

தஜ்ஜால் என்பவன் இறுதிக் காலத்தில் வருவான் என்று இஸ்லாத்தில் சொல்லப்படும் பொய்யன். நபிமொழிகளான ஹதீஸ்களில் அவன் ஒரு கண் பழுதான மனிதனாகத்தான் வர்ணிக்கப்படுகிறான். கருவியாக அல்ல. மார்க்கம் பற்றி இதற்கு மேல் பேச நான் ஆளில்லை, உங்கள் பள்ளிவாசல் இமாம் இருக்கிறார். பாங்கு சொல்ல ஒலிபெருக்கி வந்த காலத்தில் அதைத் தொழுகையில் பயன்படுத்தலாமா என்று மார்க்க அறிஞர்களான உலமாக்களே நீண்ட காலம் விவாதித்தார்கள். அறிந்தவர்கள் வாதம் செய்து ஏற்றுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட விவாதத்துக்கும், பின்னணி இசை போட்டு மிரட்டும் 30 விநாடிக் காணொளிக்கும் தூரம் அதிகம்.

ஆர்ஓ தண்ணீர் "செத்த தண்ணீர்", பிராண சக்தி இல்லாதது, பூஜைக்கும் குடிக்கவும் ஆகாது, போர்த் தண்ணீரே கங்கை என்று வந்தது. மெஷினை நிறுத்திவிடலாமா?

வேறு மாவட்டத்துக்காரர் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தருமபுரியில் இது விளையாட்டு இல்லை. இங்கே பாறைக்குள்ளிருந்து வரும் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். இந்தியத் தரக்கட்டுப்பாட்டின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை விழும், பிறகு முதுகும் மூட்டும் விறைக்கும். இந்த நோய்தான் ஃபுளோரோசிஸ். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று சேர்த்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஜப்பான் நிதியுதவியோடு கட்டி, காவிரி நீரை இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தார்கள்.

எனவே கணக்கு எளிது. உங்கள் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது என்றால் அதையே குடியுங்கள். ஆர்ஓ பெரும்பாலும் வீண் செலவு, அது நல்ல உப்புகளையும் சேர்த்து எடுத்துவிடும், பாதித் தண்ணீரைச் சாக்கடைக்கும் அனுப்பும். போர்த் தண்ணீரை நம்பி வாழ்பவர் என்றால், முதலில் அதைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஃபுளோரைடு அதிகம் என்றால் ஆர்ஓவை நிறுத்தாதீர்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். சாமிக்கு எந்தத் தண்ணீரை வைப்பது என்பது உங்கள் வழக்கம். பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்பதைப் பரிசோதனைத் தாள் சொல்லட்டும்.

கிரகண நேரத்தில் ஃபிரிட்ஜில் உள்ளதையெல்லாம் கொட்ட வேண்டுமா?

வேண்டாம். தர்ப்பைப் புல்லை மேலே வைப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். கிரகணம் என்பது நிழல், அது மூடிய பெட்டிக்குள் இருக்கும் சாம்பாரை எதுவும் செய்யாது. தாம்பாளத்தில் உலக்கை நிற்கும் படங்களும் அன்று வரும். அடி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும்.

மாதவிலக்கு நாளில் ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் தொட்டால் தோஷமா?

கருவிக்கு ஒன்றும் ஆகாது. தொட்டவருக்கும் ஒன்றும் ஆகாது. ஓசூர்ப் பக்கம் செல்பேசிப் பாகங்களையும் கைக்கடிகாரங்களையும் செய்யும் ஆலைகளில் மாதத்தின் எல்லா நாளும் வேலை செய்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான்.

இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர் பூமியைக் கடக்கிறது, செல்பேசியை அணையுங்கள் என்று வந்தது. கதிர்வீச்சைத் தடுக்கும் புனித ஸ்டிக்கரும் விற்கிறார்கள்.

அந்தச் செய்தி பல வருடங்களாக ஒரே வாசகத்தோடு சுற்றுகிறது. எந்த இரவு என்று தேதி இருக்காது, அதனால்தான் சாவதேயில்லை. காஸ்மிக் கதிர்கள் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, பெரும்பகுதியை வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. உங்கள் செல்பேசியை அணைப்பதும் அணைக்காததும் அவற்றுக்குத் தெரியாது.

ஸ்டிக்கர் விஷயம். 2020 அக்டோபரில், பசு நலனுக்காக மத்திய அரசு அமைத்த ராஷ்ட்ரீய காமதேனு ஆயோக்கின் தலைவரே சாணத்தால் செய்த ஒரு சில்லைக் காட்டி, செல்பேசிக் கதிர்வீச்சைக் குறைக்கும் என்றார். நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு ஆதாரம் கேட்டார்கள். சாணத்தின் மதிப்பு வயலுக்குத் தெரியும், அதை இப்படி ஏலம் போட வேண்டியதில்லை. எந்தச் சில்லாவது அலைகளை உண்மையில் தடுத்தால் சிக்னல் போய்விடும், அல்லது செல்பேசி இன்னும் பலமாக அலை வீசும்.

செல்பேசி அலைகள் புற்றுநோய் தருமா என்பது நியாயமான கேள்வி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் அவற்றை "சாத்தியம் இருக்கலாம்" என்ற பிரிவில் வைத்தது. நிரூபிக்கப்பட்டது என்ற பிரிவு வேறு. இந்தியாவில் ஒரு செல்பேசியின் உறிஞ்சு அளவு, அதாவது அதன் அலைகளிலிருந்து உடல் உறிஞ்சும் ஆற்றல், கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக்கூடாது. நட்சத்திரக் குறி, ஹேஷ், 07, ஹேஷ் என்று அழுத்தினால் உங்கள் செல்பேசியின் அளவு திரையில் வரும். சித்தேரி மலையிலோ அஞ்செட்டிக் காட்டிலோ சிக்னல் ஒரு கோடு இருக்கும்போதுதான் செல்பேசி அதிக பலத்தோடு அலை வீசுகிறது. கோபுரம் வேண்டாம் என்று துரத்திய ஊரில், காதருகே வைத்த கருவி கூடுதலாக உழைக்கும்.

இவை இவ்வளவு வேகமாகப் பரவுவது ஏன்?

செல்பேசி இல்லாத காலத்திலும் பரவின. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்ற பேச்சு ஒரே நாளில் நாடு முழுக்கப் போனது. பாலில் வண்ணம் கலந்து வைத்துப் பார்த்த அரசு விஞ்ஞானிகள், அது பரப்பு இழுவிசையால் சிலை மேல் வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். அன்று வதந்தியால் செலவானது பால் மட்டும்தான்.

2018 மே மாதம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப் செய்திகள் கிளப்பிய பீதி அது. நாடெங்கும் இப்படி நடந்த பிறகுதான் அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே முறையில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். எழுதியவர் யாரென்று அனுப்பியவருக்கே தெரியாது. "உடனே பத்துப் பேருக்கு அனுப்பு, இல்லையேல் கெடுதல்" என்று முடிந்தால், எழுதியவருக்கு உங்கள் நலனில் அக்கறை இல்லை, அவருக்கு வேண்டியது அந்தப் பத்துப் பேர்.

பரிகாரம் செய்வதாகச் சொல்லி இணையத்தில் பணம் வாங்கிவிட்டார்கள். என்ன செய்வது?

வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. தாயத்தும் மந்திரமும் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைப் பல நோய்களின் விஷயத்தில் தடைசெய்யும் சட்டம் 1954 முதலே இருக்கிறது. செய்தி பொய்யா என்று பார்க்கத் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகத்தின் சமூக ஊடகப் பக்கங்களும் உதவும்.

குடும்பக் குழுவில் இவற்றையெல்லாம் அனுப்புவது என் மாமியார். எப்படிச் சொல்வது?

குழுவில் சொல்லாதீர்கள். நாலு பேர் பார்க்கத் திருத்தினால் அவர் செய்தியை விட்டுவிட்டுத் தன் மரியாதையைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார். அடுப்படியில் தனியாக இருக்கும்போது, "அத்தை, நீங்கள் அனுப்பினீர்களே, அந்தக் களி உருண்டையைப் பாட்டி ராத்திரி எங்கே வைப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மீதியை அவரே பேசுவார். அவர் அக்கறையில்தான் அனுப்புகிறார். அந்த அக்கறைக்கு ஒரு வேலை கொடுங்கள்: எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். எங்கள் வாடிக்கையாளர் வீடுகளில் அதை மறக்காமல் செய்பவர்கள் மாமியார்கள்தான்.

கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று தெரியவில்லை. யாரை அழைப்பது?

மீட்டருக்கு உள்ளே என்றால் உரிமம் பெற்ற வயர்மேன். கம்பத்தில் பொறி பறக்கிறது, தெரு முழுக்க மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது, கம்பி அறுந்து கிடக்கிறது என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987, இரவு பகல் எந்நேரமும். மீட்டர் அட்டையில் உள்ள இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.